நைனாவின் கண் பரீட்சை

1

நான் ஷார்ஜாவுக்கு வந்து சில மாதங்களுக்கு முன் ஐந்து வருடம் முடிந்தது. கேக் வெட்டவில்லை. கண் டெஸ்ட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

இங்கே எனக்கு லேபர் பஸ் ஓட்டும் வேலை. காலையில் கேம்ப்பிலிருந்து அறுபது பேரைக் கட்டடம் எழும்பும் இடத்தில் கொண்டுபோய் இறக்குவேன். சாயங்காலம் அதே அறுபது பேரை அள்ளிக்கொண்டு வருவேன். போகும்போதும் தூங்குவார்கள், வரும்போதும் தூங்குவார்கள். உத்திரமேரூரில் என்னோடு பத்தாவது எழுதியவர்கள் (நான் இரண்டு தடவை எழுதியவன்) "அரபு நாட்டுல விக்கி பெரிய இடத்துல கீறான்" என்கிறார்களாம். ஆமாம், சீட் உயரம்தான்.

லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டுமென்றால் கண்ணாடிக் கடைக்குப் போய்க் கண் காட்ட வேண்டும். என்னோடு பஷீர் இக்காவும் வந்தார். மலப்புறத்துக்காரர் (இக்கா என்றால் அங்கே அண்ணன்), எங்கள் கம்பெனியிலேயே மூத்த டிரைவர். கடையில் ஒரு பிலிப்பைன்ஸ் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்து, ஒரு கண்ணை மூடச் சொல்லிவிட்டு ஸ்விட்ச் பக்கம் திரும்பினாள். அதற்குள் என் வாய் தானாகக் கிளம்பிவிட்டது.

"ஈ... எஃப், பி... டி, ஓ, இஸட்... எல், பி, ஈ, டி..."

"சார், ஸ்க்ரீன் இஸ் ஆஃப்" என்றாள் அவள்.

"நோ ப்ராப்ளம் மேடம். ஐ நோ" என்றேன் நான்.

இக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து ஸ்டாண்டிலிருந்த மூக்குக்கண்ணாடிகள் ஆடின. அவள் சிரிக்கவில்லை. பொத்தானை அழுத்திக் காட்டினாள். அழுத்த அழுத்தத் திரையில் எழுத்துகள் மாறின. "எவ்ரி டைம் டிஃபரெண்ட், சார். பீப்பிள் மெமரைஸ்" என்றாள். பீப்பிள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு என்னை மட்டும் பார்த்தாள்.

அப்புறம் ஒழுங்காகப் படித்துப் பாஸானேன். இக்கா கண்ணாடி இல்லாமலேயே கடைசி வரிவரை படித்துவிட்டு, "தாழே கம்பெனி பேரும் உண்டு, அதும் வாசிக்கட்டே மோளே?" என்று கேட்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த மாதம் அவருக்கு அறுபது முடிய இருந்தது. அறுபதுக்கு மேல் பெரிய வண்டி ஓட்டக்கூடாது என்பது எங்கள் கம்பெனிச் சட்டம். இந்தப் பேப்பரைக் காட்டினால் இன்னும் இரண்டு வருடம் தருவார்களென்று அவருக்கு ஒரு கணக்கு. மேனேஜர் பேப்பரைக் கையில்கூட வாங்கவில்லையாம். பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியை மட்டும் பார்த்தாராம். "டிக்கெட் போட்டாச்சு" என்று மட்டும் என்னிடம் சொன்னார் இக்கா.

2

அந்த எழுத்து வரிசை என் வாயில் ஒட்டிக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும்.

என் நைனா, அதாவது அப்பா, உத்திரமேரூருக்கும் காஞ்சிபுரத்துக்கும் முப்பது வருடம் தனியார் பஸ் ஓட்டியவர். முதலாளி பஸ்ஸை விற்றதும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட வேனுக்கு டிரைவரானார். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பெண் ஆள் வேண்டுமென்றார்கள். அந்த வேலைக்கு அம்மா போனாள். காலையில் புருஷனும் பெண்டாட்டியும் கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோல ஜோடியாகக் கிளம்புவார்கள்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், நான் விமானம் ஏறுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, நைனாவின் லைசென்ஸ் முடிந்தது. புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். "சுவத்துல இங்கிலீசு எழுத்து மாட்டி வெச்சிக்கினு படி படின்றாங்கடா. நான் அஞ்சாங்கிளாசு. இங்கிலீசு தெரியாததுக்கெல்லாம் வண்டி ஓட்டத் தெரியாதுன்னு எழுதிட்டா இன்னா பண்றது?" என்றார்.

நியாயம்தானே? நான் அந்த கிளினிக்குக்கு வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் போய், சுவரை போனில் படம் பிடித்து வந்தேன். ஒரு வாரம் பாடம் நடந்தது. நைனாவுக்கு ஏறவே இல்லை.

"ஏபிசிடின்னு வரிசயா மாட்டுனா இன்னா கேடு அவனுக்கு?"

"வரிசயா மாட்டுனா ஒண்ணாவது புள்ளகூட பாஸாயிடும் நைனா."

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. முப்பது வருடமாக அவர் முதுகுக்குப் பின்னால் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்லிக் கத்தியிருக்கிறார். அந்த ராகத்தில் எழுத்துகளைச் சொல்லிக் கொடுத்தேன். "டீ... ஓ... இஸட்டு! எறங்குறவங்கெல்லாம் எறங்கிக்க!" உடனே பிடித்துக்கொண்டார். குளிக்கும்போதும் சொன்னார், சட்டைக்குப் பொத்தான் போடும்போதும் சொன்னார். கிளினிக்கில் டாக்டர் போனைப் பார்த்துக்கொண்டே "படிங்க" என்றார். நைனா எக்ஸ்பிரஸ் பஸ்போல எங்கும் நிற்காமல் ஐந்து வரியையும் முடித்தார். கையெழுத்து விழுந்தது.

அன்றைக்கு எங்கள் வீட்டில் கறிக்குழம்பு. நான்தான் ஹீரோ.

3

கண்ணாடிக் கடைக் கதையைச் சொல்ல அடுத்த நாள் அம்மாவுக்கு போன் செய்தேன். இங்கே மணி இரண்டே முக்கால், நான் காலி பஸ்ஸில் காத்திருக்கும் நேரம். அங்கே நாலேகால், பள்ளி விட்டு வேன் ஓடும் நேரம். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். இந்த நேரத்தில் போன் செய்து கேலி பேசுவது என் பல வருடத்துப் பழக்கம். வண்டி ஓட்டுபவரிடம் போனில் பேசக்கூடாது என்று பெரிய எழுத்தில் என் பஸ்ஸிலேயே ஒட்டியிருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் பேசுவேன்.

"இன்னாடா விக்கி, நாஷ்டா துன்னியா?"

"அம்மா, இங்க மத்தியானம்மா."

"அப்ப சோறு துன்னியா?"

பின்னாலிருந்து என் அக்கா மகள் பவித்ரா, இரண்டாம் வகுப்பு, கத்தினாள். "ஹலோ அங்கிள்!"

"அங்கிள் இல்லடி, மாமா."

"ஓகே அங்கிள்!"

நான் கதையைச் சொன்னேன். "ஐ நோ" என்ற இடத்தில் நைனா வெடித்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நடுவிலும் அம்மாவின் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். வேனில் ஏறினால் வாய் மூட மாட்டாள்.

"லெஃப்ட்ல சைக்கிளு... ஸ்பீடு பிரேக்கரு வருது... ரெண்டு மாடு, செவப்பு மாடு குறுக்க வரும் பாரு..."

"கிரிக்கெட் மேட்சுக்கு கமெண்ட்ரி சொல்லப் போயிருந்தீனா இந்நேரம் எங்கியோ போயிருப்பம்மா" என்றேன். இந்தக் கேலியை நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். வழக்கமாக "போடா பேமானி" என்பாள். அன்றைக்கு அதுகூட இல்லை.

நைனா சொன்னார். "டேய், இந்த மாசம் எனக்கும் லைசென்சு முடியிது. அந்த எழுத்த திருப்பி அனுப்பு. நாலாவது வரி மறந்துபோச்சு."

"போட்டோ கீது நைனா, இப்பவே அனுப்பறேன்."

"போட்டோ வாணாம். வாய்ஸ்ல போடு."

அதற்குள் அம்மா. "லாரி நிக்கிது. பச்ச லாரி, ஜல்லி லாரி. ரைட்ல ஒடி. இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும். ம், போ."

போன் வைத்துவிட்டாள். நானும் சிரித்துக்கொண்டே வைத்தேன்.

4

பஷீர் இக்காவின் கடைசி நாளில் அவருக்கு ஓட்ட வண்டி இல்லை. கேம்ப்பிலிருந்து ஆபீஸுக்குப் போய்ச் சாவி, அடையாள அட்டையெல்லாம் ஒப்படைக்க வேண்டும். என் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். இத்தனை வருடத்தில் அவரை அந்தப் பக்கத்து சீட்டில் பார்த்ததே இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்திருந்தார்.

வழியில் ஒரு தண்ணீர் டேங்கர் ரோட்டோரமாக நின்றிருந்தது. இக்காவின் வலது கால் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை, ஆனாலும் அழுத்தியது. வாய் மட்டும் திறக்கவில்லை. நான் ஒதுங்கித் தாண்டினேன்.

"ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இக்கா? நான் பார்க்காமப் போயிருந்தா?" என்று சீண்டினேன்.

"நீ கண்டல்லோ தம்பி. கண்டவனோடு எந்து பறயான்?" என்றார்.

பார்த்தவனிடம் என்ன சொல்வது? சரிதானே என்று அடுத்த கேலிக்கு வாயைத் திறந்தேன். காதில் அம்மா குரல் கேட்டது. லாரி நிக்கிது. பச்ச லாரி. ரைட்ல ஒடி. போதும்.

முப்பது வருடம் பஸ் ஓட்டியவரிடம் கண்ணெதிரில் நிற்கும் லாரியை யார் சொல்வார்கள்? அதுவும் என்ன நிறம் என்று?

அதோடு நிற்கவில்லை. நான் சின்னப் பையனாக இருக்கும்போது நைனா என்னை பஸ்ஸில் இஞ்சின் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளின் நம்பர் பிளேட்டைத் தூரத்திலேயே படித்துக் காட்டுவார். டி, என், இருபத்தொண்ணு. ஏ, பி என்றால் ஆந்திரா வண்டி. கே, ஏ என்றால் கர்நாடகா. நைனாவுக்கு இங்கிலீஷ் எழுத்து நன்றாகவே தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால் நான் அவருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கவில்லை. வேறு ஒன்றை மறைத்துக் கொடுத்திருக்கிறேன். கறிக்குழம்பும் தின்றிருக்கிறேன்.

ஆபீஸ் வாசலில் இக்கா இறங்கினார். நன்றாகப் பேசி அனுப்ப வேண்டும் என்று நினைத்து வைத்திருந்தேன். "பாத்துப் போங்க இக்கா" என்று மட்டும் சொன்னேன். அவருக்குப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை.

5

ஞாயிற்றுக்கிழமை நைனா டீக்கடைக்குப் போகும் நேரம் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, அன்னிக்கு அந்தப் பச்ச லாரி நைனாவுக்குத் தெரிலயா?"

"கிட்ட போனா தெரியும்டா."

"எவ்ளோ கிட்ட? எத்தினி நாளா இப்பிடி?"

"நீ போறப்பவே மங்கலாத்தான் இருந்துதாம், என்கிட்டகூட சொல்லல. அடுத்த வருசம் மழக்காலத்துல செய்யாத்துப் பாலத்துகிட்ட ஒரு ஆட்ட இடிக்கப் பாத்தாரு. அன்னியிலருந்து நான் சொல்லிக்கினு வரேன்."

"நாலு வருசமா! ஏம்மா சொல்லல?"

"சொன்னா இன்னா பண்ணுவாங்க? வண்டிய வுட்டு எறக்கிடுவாங்க. வூட்ல குந்திக்கினு செவுத்த பாத்துக்கினு இருப்பாரு. அந்த மனுசனுக்கு வேற இன்னாடா தெரியும்? எனக்கு லைசென்சு இல்ல, அவருக்குக் கண்ணு இல்ல. ரெண்டு பேரும் சேந்தா ஒரு டிரைவரு."

"பதினெட்டுப் புள்ளைங்கம்மா. நம்ம பவி கீறா."

"எனக்குத் தெரியாதாடா? தும்மல் வந்தாகூட அடக்கிக்கிறேன். தும்முனா கண்ணு மூடிக்குதே."

நான் நூறு தடவை கேலி செய்த அந்தக் கமெண்ட்ரியில் நாலு வருடமாக ஒரு தும்மல்கூட இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம்ல?"

"ஆபரேசன்னு ஒருவாட்டி எழுதிட்டா லைசென்சு புடுங்கிடுவாங்கன்னு பயப்படுறாரு. நீ கேட்டன்னு சொல்லிடாத. மானஸ்தன்."

பள்ளிக்கூட முதலாளியின் நம்பர் என்னிடம் இருந்தது. இரண்டு நாள் அதை எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஒரு போன் போதும். ஆனால் நைனாவை வண்டியை விட்டு இறக்கியவன் நான் என்று ஊர் பேசும், அவரும் நினைப்பார். எனக்கு நேராகச் செய்யும் தைரியம் எப்போதும் கிடையாது. கோணலாகச் செய்யத்தான் வரும். அதையே செய்தேன்.

வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். அதே ஸ்டாப்பிங் ராகம். முதல் இரண்டு வரியை மாற்றவில்லை, அவை சுவரில் பூசணிக்காய் அளவுக்கு இருக்கும், அவருக்கே தெரிந்துவிடும். மூன்றாவது வரியிலிருந்து என் இஷ்டத்துக்கு எழுத்துகளைக் கொட்டினேன். எம் என்றேன், கே என்றேன், டபிள்யூ என்றேன். இதைச் சொன்னால் எந்த டாக்டரும் பிடித்துவிடுவார். கண்ணுக்கு வைத்தியம் செய்யச் சொல்வார். பழி சுவர்மேல் போகட்டும்.

அம்மா மறுநாள் சொன்னாள். "நாள் பூரா அதயே போட்டுக் கேட்டுக்கினு சொல்லிப் பாத்துக்கினு கீறாருடா."

6

டெஸ்ட்டுக்கு அம்மாவும் கூடப் போனாள். அங்கே நடந்ததை அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அதே டாக்டர், அதே சுவர், அதே போன். "படிங்க" என்றாராம். நைனா நிமிர்ந்து உட்கார்ந்து, நான் அனுப்பியதை ஒரு எழுத்து விடாமல் சொல்லியிருக்கிறார். டாக்டர் தலை நிமிராமல் "ஓகே" என்று பேனாவை எடுத்தாராம்.

என் திட்டத்தில் இது இல்லை. தப்பாகச் சொன்னால் பிடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். கேட்கவே மாட்டார்கள் என்று நினைக்கவில்லை.

அம்மா எட்டாவது வரை படித்தவள். நாள் பூரா அந்த வாய்ஸைக் கேட்டவள். சுவரைப் பார்த்திருக்கிறாள். பேனா பேப்பரைத் தொடப் போயிருக்கிறது.

"டாக்டரே" என்றாளாம். "இவரு கடசியா சொன்ன மூணு வரி அந்தச் செவுத்துலயே இல்ல."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்தாராம். "நீங்க யாரும்மா?"

"சம்சாரம். நாலு வருசமா ரோட்ட நான்தான் பாத்துச் சொல்லிக்கினு கீறேன். இதயும் சொல்லிட்டேன்."

டாக்டர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தாராம். இரண்டு கண்ணிலும் புரை, நன்றாக முற்றியிருக்கிறது. சர்டிபிகேட்டை எழுதாமல், கண் ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாராம். திரும்பி வரும்போது பஸ்ஸில் எப்போதும் டிரைவருக்குப் பின் சீட்டில் உட்காரும் நைனா, அன்றைக்குக் கடைசி சீட்டுக்குப் போய் உட்கார்ந்தாராம்.

அப்புறம் என்னோடு பேசவில்லை. நான் கூப்பிட்டால் போன் அம்மா கைக்குப் போகும். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. கொஞ்ச நாள் கழித்து இன்னொரு கண்ணுக்கும் ஆனது. வேனுக்கு இருபத்தாறு வயதுப் பையன் ஒருவனைப் போட்டுவிட்டார்கள். அறுபதுக்கு மேல் இனி ஆள் வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். கண் சரியானாலுமா என்று அம்மா கேட்டதற்கு, வயசு சரியாகாதே என்றாராம். பஷீர் இக்காவின் மேனேஜரும் இவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள்போல.

7

போன வெள்ளிக்கிழமை வீடியோ காலில் நைனாவே வந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கழற்றினார். திரைக்குக் கிட்டே வந்து என்னை மேலிருந்து கீழே பார்த்தார்.

"டேய், உனுக்கு முன்னால மயிரு கொட்டிப்போச்சேடா. எப்பத்துலருந்து?"

"ரெண்டு வருசமா நைனா."

"ரெண்டு வருசமா!" என்றார். வாராவாரம் வீடியோவில் பேசியிருக்கிறோம். எதைப் பார்த்துப் பேசினாரோ.

"புது டிரைவர் எப்பிடி ஓட்டறான்?" என்று பேச்சை மாற்றினேன்.

"அவனுக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் கீது. ரோட்டத்தான் பாக்க மாட்டேன்றான். ஒரு கைல போனு. உங்கம்மா கத்திக் கத்தி தொண்ட போச்சு."

பின்னாலிருந்து அம்மா சொன்னாள். "நேத்து அவன் போனப் புடுங்கி என் மடில வெச்சிக்கினேன். எறங்கறப்பதான் குடுத்தேன்."

சிரித்தோம். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து, பல நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். "நைனா, அந்த வாய்ஸு... அது தப்பு எழுத்து. தெரிஞ்சிதான் அனுப்பினேன்."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரியும்டா. நாலாவது வரிதான மறந்துச்சுன்னேன்? மூணாவது வரி எங்க மறந்துச்சு? நீ போட்டத மொதவாட்டி கேட்டப்பவே தெரியும்."

"அப்பறம் ஏன் நைனா அதயே சொன்ன?"

"புள்ள சொல்லிக் குடுத்தான், சொன்னேன்."

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அப்புறம் பழைய கண்டக்டர் ராகத்தில், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, சரியான மூன்றாவது வரியைச் சொன்னார்.

"டீ... ஓ... இஸட்டு. எறங்குறவங்கெல்லாம் எறங்கிக்க."